ஆரமும் தொடுகோடும்: சைக்கிள் ஹப்பிலிருந்து ஒரு பாடம்

வட்டத்தின் தொடுகோடு, தொடும் புள்ளி வழியே செல்லும் ஆரத்துக்குச் செங்குத்து. பத்தாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியதும் கடைசி வரிசையிலிருந்து வழக்கமான கேள்வி வந்துவிடும்: "இது எதுக்கு டீச்சர் உதவும்?" பதில் வகுப்பறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொரு மிதிவண்டியின் சக்கரத்திலும் நடுவிலிருந்து கிளம்பும் கம்பிகள் ஆரத்தின் வழியே போகின்றனவா, தொடுகோட்டின் வழியே போகின்றனவா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் திரும்பி வரும்போது பாடம் பாதி முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பாடத்துக்கு ஓர் அவசரமும் வந்து சேர்ந்தது. கைப்பேசியில் பார்க்கும் பந்தயச் சைக்கிள்களில் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல், சூரியக்கதிர்போல நேராக விரிந்திருக்கின்றன. அழகுதான், மறுப்பதற்கில்லை. மேல்நிலை வகுப்புப் பையன்கள் சிலர் தங்கள் வண்டியையும் அப்படி மாற்ற ஆசைப்பட்டார்கள். "அண்ணாச்சி கடையில கம்பியப் பிரிச்சு நேராக் கோத்துத் தருவாங்களாம். எந்த ஹப் வாங்கினா நல்லது டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் மாற்றுவது அவன் திட்டம்.

அவன் வண்டி ஓட்டும் சாலையை நினைத்துப் பாருங்கள். ஆத்தூரிலிருந்து கிழக்கே புன்னக்காயல் வரைக்கும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் முடிந்த பிறகு உப்பளமும் அலையாத்திக் காடுமாகக் கிடக்கும் பாதை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் என்பதால் காற்றிலேயே உப்பு இருக்கிறது. சக்கரம் வழியில் சரிந்தால் கைகொடுக்க ஆள் வர நேரமாகும். "வேண்டாம், செய்யாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவன் கடைக்குத்தான் போயிருப்பான். பதினாறு வயதுக்கு 'செய்யாதே' என்பது ஒரு தூண்டுதல். ஆகவே அவன் கேள்வியையே நான்கு பாடவேளைகளுக்கான பாடமாக எடுத்துக்கொண்டோம். நேர்கம்பிச் சக்கரம் கோக்க எந்த ஹப்பைத் தேர்ந்தெடுப்பது?

குடம், ஆரக்கால், வட்டை

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்று பெயர். குடத்தில் செருகிய மரக்கால்கள் ஆரக்கால்கள். அவற்றின் மறுமுனை சேரும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. அதன்மேல் இரும்புப் பட்டை. கணக்குப் புத்தகத்தில் உள்ள 'ஆரம்' என்ற சொல் இந்த ஆரக்காலின் உறவுதான். ஆரம் என்பதை நோட்டில் மட்டும் இருக்கும் ஒரு கோடு என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அது முதலில் தச்சர் செதுக்கிய ஒரு மரக்கால் என்று தெரிந்ததும் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இலத்தீன் மொழியிலும் 'ரேடியஸ்' என்பதற்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்று ஒரு பொருள் உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பொருளைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாட்டுவண்டியின் ஆரக்கால் ஒரு தூண். வண்டியின் பாரம் குடத்தில் இறங்குகிறது. குடத்துக்குக் கீழே இருக்கும் ஆரக்கால் அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. ஆகவே அது தடிமனாக இருக்க வேண்டும். சைக்கிள் கம்பி 2 மி.மீ. தடிமன்தான். அதை நிறுத்தி உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். அது எப்படி ஒரு ஆளையும் அவர் கட்டிவைத்த மீன் பெட்டியையும் சேர்த்துத் தாங்குகிறது?

கம்பிகள் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் விடை. நன்றாகக் கோத்த சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 1000 நியூட்டன் அளவுக்கு இழுவிசை இருக்கலாம். கிட்டத்தட்ட 100 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. 1808-லேயே இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி இப்படி இழுவிசையில் நிற்கும் சக்கரத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பறக்கும் கருவிக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்பது அவர் கவலை. 1870-ல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதில் கம்பிகள் நேராகத்தான் இருந்தன. 1874-ல் ஸ்டார்லி கம்பிகளைத் தொடுகோட்டின் திசையில் சாய்த்துக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நேர்கம்பி புதிய பாணி என்று நினைக்கும் பையன்களுக்கு இந்த வரிசையைச் சொல்வது நல்லது. முதலில் வந்தது நேர்கம்பி. அதைச் செய்தவரே நான்கு ஆண்டுகளில் சாய்கம்பிக்கு மாறினார். ஏன் மாறினார் என்பதுதான் நம் பாடம்.

காதால் அளக்கும் இழுவிசை

ஒரு மாணவி இருக்கையில் உட்காராமல் வண்டி வெறுமனே நிற்கட்டும். வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே, ஹப்புக்குக் கீழே உள்ள கம்பியை விரலால் மீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவள் ஏறி உட்காரட்டும். அதே கம்பியை மீண்டும் மீட்டினால் ஓசை இறங்கியிருக்கும். ஹப்புக்கு மேலே உள்ள கம்பியில் அவ்வளவு மாற்றம் கேட்காது. பின்சக்கரத்தில் பாரம் அதிகம் என்பதால் அங்கே செய்வது நல்லது. கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் மீட்ட வேண்டும்.

பெரும்பாலோர் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறு. ஹப் மேல்கம்பிகளில் 'தொங்குகிறது', ஆகவே மேல்கம்பி இன்னும் இறுகும் என்றுதான் நம் அறிவியல் ஆசிரியர்களில் பலரும் முதலில் சொல்வார்கள். சக்கரம் முழுவதும் முன்பே இறுக்கி வைக்கப்பட்டிருப்பதால், பாரம் ஏறும்போது அடியில் ரிம் சற்றே தட்டையாகிறது. அங்குள்ள சில கம்பிகள் தளர்கின்றன. அந்தத் தளர்ச்சியின் அளவுதான் சக்கரம் தாங்கும் பாரம். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-ல் சைக்கிள் சக்கரம் பற்றி எழுதிய நூலில் இதைக் கணினிக் கணக்கோடு விளக்கினார். நமக்குக் கணினி வேண்டாம், காது போதும். இழுவிசை குறைந்தால் கம்பியின் அதிர்வெண் குறையும் என்பது ஒலிப் பாடத்தில் வருவதுதான்.

மேல்நிலை வகுப்பில் கணக்கும் போடலாம். 2 மி.மீ. எஃகுக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு 24.7 கிராம் இருக்கும். இழுவிசை 1000 நியூட்டன், நீளம் 27 செ.மீ. என்றால் அதிர்வெண் சுமார் 373 ஹெர்ட்ஸ். எங்கள் பழைய வண்டிகளின் கம்பிகள் இதைவிடத் தாழ்ந்த ஓசையே எழுப்பின. அவற்றில் இழுவிசை எவ்வளவு குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சுழற்றுவது யார்?

மாட்டுவண்டியை மாடு இழுக்கிறது. சக்கரம் இழுபட்டு உருள்கிறது, அவ்வளவே. குடம் வட்டையைச் சுழற்ற வேண்டியதில்லை. ஆகவே ஆரக்கால் நேராக இருந்தால் போதும். சைக்கிளின் பின்சக்கரத்தில் கதை வேறு. சங்கிலி ஹப்பைச் சுழற்றுகிறது. ஹப் கம்பிகள் வழியாக ரிம்மைச் சுழற்ற வேண்டும். பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறன் இங்கே வேலைக்கு வருகிறது. விசை, அதன் செயல்கோடு சுழல் மையத்திலிருந்து இருக்கும் செங்குத்துத் தொலைவு, இவை இரண்டின் பெருக்கல்.

நேர்கம்பியை நீட்டி வரைந்தால் கோடு சக்கரத்தின் மையத்தின் வழியே போகும். செங்குத்துத் தொலைவு பூச்சியம். திருப்புத்திறனும் பூச்சியம். எவ்வளவு இழுத்தாலும் அது சுழற்றாது. கதவின் கீல் இருக்கும் விளிம்பிலேயே கைவைத்துத் தள்ளுவது போல. சாய்கம்பியின் கோடு மையத்தை விட்டு விலகிப் போகிறது. அது முழுத் தொடுகோடாக இருந்தால் அந்த விலகல், ஹப்பின் ஓரத்தில் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். கரும்பலகையில் எழுதிய தேற்றம் இங்கே இரும்பில் இருக்கிறது.

"அப்பம் நேர்கம்பி போட்டா வண்டியே ஓடாதா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஓடும். அங்கேதான் ஆபத்து. எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள மாணவர் மிதிகட்டையின் மேல் எழுந்து நின்று மிதித்தால் சுமார் 500 நியூட்டன். மிதிகட்டைத் தண்டின் நீளம் 17 செ.மீ. திருப்புத்திறன் 85 நியூட்டன் மீட்டர். நாங்கள் எண்ணிய வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் ப்ரீவீலில் 18 பற்கள். ஆகவே ஹப்புக்குப் போய்ச் சேர்வது 85 × 18 ÷ 44, அதாவது சுமார் 35 நியூட்டன் மீட்டர். ரிம்மில் கம்பி முடியும் இடம் மையத்திலிருந்து 300 மி.மீ., ஹப்பின் துளைவட்டத்தின் ஆரம் 30 மி.மீ., கம்பிகள் 36, ஒவ்வொன்றிலும் இழுவிசை 1000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

நேர்கம்பிச் சக்கரத்தில் ஹப் முதலில் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். திரும்பியதும் கம்பிகள் சற்றுச் சாய்ந்துவிடும். சாய்ந்ததும் ஒரு சிறு செங்குத்துத் தொலைவு பிறக்கும். கணக்கிட்டால் ஹப் சுமார் 1.7° திரும்பிய பிறகுதான் 35 நியூட்டன் மீட்டரைத் தாங்க முடிகிறது. துளை இருக்கும் இடத்தில் அது 0.9 மி.மீ. நகர்வு. ஒவ்வொரு மிதிக்கும் கம்பியின் வளைந்த கழுத்து 0.9 மி.மீ. ஒரு பக்கம் போய்த் திரும்பி வருகிறது. பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை மிதி என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஒரு கம்பியை ஒடிக்க அதை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இதே ஹப்பில் ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கிடுமாறு கோத்தால் செங்குத்துத் தொலைவு சுமார் 27 மி.மீ. கிடைக்கிறது. 35 நியூட்டன் மீட்டரை 36 கம்பிகளும் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொன்றிலும் கூடுவதோ குறைவதோ 36 நியூட்டன்தான். ஏற்கெனவே இருக்கும் 1000-க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஹப்பின் நகர்வு ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. கரும்பலகையில் 0.9 என்றும் 0.02 என்றும் அடுத்தடுத்து எழுதியபோது, ஹப் வாங்கப்போன பையன் தானே சொன்னான்: "பின்னாடி வேண்டாம் டீச்சர். முன்னாடி மட்டும் பண்ணலாமா?"

முன்சக்கரத்துக்கு எந்த ஹப்?

இது சரியான கேள்வி. முன்சக்கரத்தை யாரும் மிதித்துச் சுழற்றுவதில்லை. அது மாட்டுவண்டிச் சக்கரம் போல இழுபட்டு உருள்கிறது. பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பதாக இருந்தால், நிறுத்தும் விசையும் ரிம்மிலேயே முடிந்துவிடுகிறது. ஹப் வழியாகத் திருப்புத்திறன் எதுவும் போவதில்லை. எனவே முன்சக்கரத்தில் நேர்கம்பி நியாயமானதே. ஆனால் இப்போது கடைகளில் வரும் டிஸ்க் பிரேக் வண்டியிலும், ஹப்புக்குள்ளேயே டிரம் பிரேக் இருக்கும் வண்டியிலும் நிறுத்தும் விசை ஹப்பில் தொடங்கி கம்பி வழியே ரிம்முக்குப் போகிறது. அங்கே முன்சக்கரமும் பின்சக்கரத்தின் கணக்கில்தான் சேரும். நேர்கம்பி கூடாது.

அடுத்து, ஹப்பின் இருபுறமும் கம்பி கோக்கும் துளைத்தட்டைக் கவனிக்க வேண்டும். சாய்கம்பி துளையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அந்தத் திசையில் தட்டின் உலோகம் நீண்டு கிடக்கிறது. நேர்கம்பி துளையை நேராக வெளிவிளிம்பை நோக்கி இழுக்கிறது. அங்கே சில மில்லிமீட்டர் உலோகம்தான் தடுப்பு. ஒரு பக்கத்தில் 18 கம்பிகள், ஒவ்வொன்றும் 1000 நியூட்டன் என்றால், தட்டு ஒரு வளையம்போல் எல்லாத் திசையிலும் விரியப் பார்க்கிறது. வளையத்தின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் சுமார் 2900 நியூட்டன் இழுப்பு இருக்கும் (18000-ஐ 2π-ஆல் வகுக்க வேண்டும்). தட்டு பிளந்தால் துளைக்குத் துளை கிழிந்துகொண்டே போகும். ஹப் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேட்டில் நேர்கம்பி கோக்கக் கூடாது என்று அச்சிடுவது இதனால்தான்.

ஆகவே ஹப்பைக் கையில் எடுத்ததும் முதலில் அது எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். உருக்கி அச்சில் ஊற்றிய அலுமினிய ஹப் விலை மலிவு, பார்வைக்குப் பளபளப்பு, ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. நேர்கம்பிக்கு அது ஆகாது. அடித்து உருவாக்கிய அலுமினியத்தில் உலோகத்தின் உள்கட்டமைப்பு நெருக்கமாக இருக்கும், அது தாங்கும். நம் கறுப்பு வண்டிகளில் வரும் எஃகு ஹப்பின் தட்டு மெல்லியது. சட்டென்று பிளக்காது. ஆனால் மெல்லிய தட்டில் கம்பியின் கழுத்து சரியாக உட்காராமல் ஆடும். ஆட ஆடக் கழுத்து ஒடியும். கடைக்காரர்கள் கழுத்தில் சிறு வாஷர் போட்டுக் கோப்பது அதற்காகத்தான்.

துளைகளின் நெருக்கமும் முக்கியம். இது ஆறாம் வகுப்பே போடக்கூடிய கணக்கு. துளைவட்டத்தின் விட்டம் 38 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 119 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 18 துளைகள் என்றால் துளைக்குத் துளை 6.6 மி.மீ. துளையே 2.5 மி.மீ. அளவுக்கு இருப்பதால் நடுவில் மிஞ்சுவது 4 மி.மீ. உலோகம். 10 துளைகள் என்றால் 9 மி.மீ.க்கு மேல் மிஞ்சும். பந்தயச் சக்கரங்களில் நேர்கம்பியோடு கம்பிகளின் எண்ணிக்கையும் குறைந்திருப்பதை இப்போது பிள்ளைகள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். ஆனால் கம்பி குறைந்தால் ரிம் வலுவாக இருக்க வேண்டும். அந்த ரிம் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் அந்தப் பையனின் வீட்டு வரவு செலவுக்கு ஒத்துவராது.

பழைய ஹப்பை எடுத்து நேர்கம்பி கோப்பதை மட்டும் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே சாய்கம்பி இருந்த ஹப்பில், கம்பி அழுத்திய தடம் துளையின் ஓரத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். புதிய கம்பி வேறு திசையில் இழுக்கும்போது அந்தப் பழைய பள்ளமே விரிசலின் தொடக்கமாகிவிடும். துணியைக் கிழிக்குமுன் ஓரத்தில் சிறிதாக வெட்டிவிடுவோமே, அதே வேலைதான்.

உப்புக் காற்று

மேலே சொன்னதெல்லாம் சேலத்துக்கும் பொருந்தும். புன்னக்காயலுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அலுமினிய ஹப்பில் எஃகுக் கம்பி, நடுவில் உப்பு ஈரம். இது ஒரு சிறு மின்கலம். எஃகைவிட அலுமினியம் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் என்பதால் அரிபடுவது ஹப். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். அரிப்புப் பள்ளம் விழுந்த துளையை நேர்கம்பி வெளிநோக்கி இழுத்தால் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எஃகு ஹப்பில் துத்தநாகப் பூச்சுள்ள கம்பி போட்டால் முதலில் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பலின் இரும்பு அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதே தத்துவம். துறைமுகத்துக்குப் போய்வரும் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எனவே இந்தக் கடற்கரையில் ஓடும் பள்ளிக்கூட வண்டிக்கு என் தேர்வு இது: இரண்டு சக்கரத்துக்கும் எஃகு ஹப், துத்தநாகப் பூச்சுக் கம்பி, குறுக்கிட்டுக் கோத்த பின்னல். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கம்பிகளின் கழுத்தைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். நேர்கம்பி வேண்டுமென்றே ஆசைப்பட்டால் முன்சக்கரத்தில் மட்டும், ரிம் பிரேக் இருந்தால் மட்டும், இதுவரை கம்பி கோக்காத புதிய ஹப்பில் மட்டும், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும். இத்தனை 'மட்டும்' போட்ட பிறகு பையன்களின் ஆசை பாதி வடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

வகுப்பில் செய்ய

பொருள்களுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சைக்கிள் கடைகளில் கழித்துப்போட்ட ஹப்பும் வளைந்த ரிம்மும் கேட்டால் தருவார்கள். முடிந்தால் கடைக்காரரையே ஒரு பாடவேளைக்கு அழையுங்கள். பெண்டு எடுப்பவரின் விரல்கள் நிப்பிளைத் திருகும்போது, எந்தப் பக்கம் எவ்வளவு என்று அவர் எப்படி முடிவு செய்கிறார் எனப் பிள்ளைகள் கேட்கட்டும். 2 மி.மீ. கம்பியில் அங்குலத்துக்கு 56 மரைகள். ஆகவே நிப்பிளின் ஒரு சுற்று 0.45 மி.மீ. நகர்த்துகிறது. அவர் கால் சுற்று, அரைச் சுற்று என்று கைப்பழக்கத்தில் செய்வதைப் பிள்ளைகள் மில்லிமீட்டரில் எழுதட்டும்.

தொடக்கப் பள்ளியில் கம்பிகளை எண்ணுவதே நல்ல பாடம். வட்டத்தில் எண்ணும்போது எங்கே தொடங்கினோம் என்று தொலைந்துபோகும். காற்றடிக்கும் வாய் இருக்கும் இடத்தை அடையாளமாகக் கொள்ள வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பழைய கறுப்பு வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். வேறு வண்டிகளில் 36 இருக்கலாம். எல்லாம் 4-ஆல் வகுபடுகின்றன. ஏன்? பாதி இடப்பக்கத் தட்டுக்கு, பாதி வலப்பக்கத் தட்டுக்கு. ஒவ்வொரு தட்டிலும் பாதி முன்னோக்கிச் சாய்ந்தவை, பாதி பின்னோக்கிச் சாய்ந்தவை. நேர்கம்பியில் இந்த இரண்டாவது பாதி தேவையில்லை. அதனால் 18, 22 போன்ற எண்களிலும் நேர்கம்பிச் சக்கரம் உண்டு. வகுபடும் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கம்பியின் நீளம். கடைக்குப் போய்த் தவறான நீளத்தில் கம்பி வாங்கினால் பணம் வீண் என்பதால் இந்தக் கணக்கில் பிள்ளைகளுக்குத் தனி அக்கறை. ரிம்மின் ஆரம் 300, துளைவட்டத்தின் ஆரம் 30, ஹப்பின் நடுவிலிருந்து தட்டு 35 மி.மீ. தள்ளி இருக்கிறது என்போம். நேர்கம்பிக்குப் பிதாகரஸ் தேற்றம் போதும்: 270-இன் வர்க்கம், 35-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். 272 மி.மீ. மூன்று குறுக்குப் பின்னலுக்கு, ஒரு தட்டில் 18 துளைகள் இருப்பதால் துளைக்குத் துளை 20°, மூன்று குறுக்குக்கு 60°. துளையிலிருந்து ரிம்மின் ஆரக்கோட்டுக்கு ஒரு செங்குத்து வரைந்து, கொசைன் 60° அரை, சைன் 60° மூன்றின் வர்க்கமூலத்தில் பாதி என்று போட்டால் 288 மி.மீ. வரும். வித்தியாசம் 16 மி.மீ. சாய்கம்பியைப் பிரித்து அதே கம்பியை நேராகக் கோக்க முடியாது என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. கடையில் 'பழைய கம்பியையே போட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பையனிடம் இப்போது பதில் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். குழுக்களைப் பிரிக்கும்போது ஹப்பைக் கழற்றும் வேலையைப் பையன்களிடமும் குறிப்பெடுக்கும் வேலையைப் பெண்பிள்ளைகளிடமும் விட்டுவிடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. 2001-02-ல் மாணவியருக்கெனத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் மேல்நிலை வகுப்புக்குத் தாங்களாகவே போய்வருகிறார்கள். ஆனால் ஸ்பேனர் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. ஒரு கம்பி ஒடிந்ததும் வண்டி வீட்டுத் திண்ணையில் சாய்கிறது. அண்ணனுக்கு நேரம் கிடைக்கும்வரை அங்கேயே துருப்பிடிக்கிறது. அத்தனை நாளும் அவள் பேருந்துக்காக நிற்கிறாள், அல்லது வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாகிறது. எங்கள் வகுப்பில் ஒடிந்த கம்பியைக் கழற்றிப் புதிதைக் கோத்து, நிப்பிளை இறுக்கிப் பெண்டு எடுத்த முதல் குழு மூன்று மாணவியர் கொண்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றேகால் பாடவேளை.

பாதுகாப்புக்குச் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இழுவிசையில் இருக்கும் கம்பியை ஒருபோதும் வெட்டக் கூடாது, நிப்பிளைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். கழற்றிய கம்பியின் முனை கண்ணுக்கு எதிரே வரக் கூடாது. சுழலும் சக்கரத்தில் விரல் வைக்கக் கூடாது. தாவணி, துப்பட்டா ஓரங்களைச் செருகிக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினா இது. சந்தைக்கு மீன் ஏற்றிப்போகும் மூன்று சக்கர மிதிவண்டி, திருப்பத்தில் இருசக்கர வண்டி போலச் சாயாது. அதனால் அதன் சக்கரங்கள் பக்கவாட்டிலும் தள்ளப்படுகின்றன. அதற்கு ஹப் தேர்ந்தெடுக்கச் சொன்னால் துளைவட்டத்தின் ஆரத்தைப் பெரிதாக்குவாயா, இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான தொலைவைப் பெரிதாக்குவாயா? பின்னச்சில் எந்தச் சக்கரத்தைச் சங்கிலி சுழற்றுகிறது என்று பார்த்துவிட்டு, கம்பியை எப்படிக் கோப்பாய் என்றும் படம் வரைந்து எழுது. விடைத்தாள் வாங்க ஒரு வாரம் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே நான்கைந்து பேர் வண்டிக்காரர் ஒருவரை வழியில் நிறுத்தி, ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.